இலையில்லாத ஆறு மாதங்கள்: ரொறன்ரோ வீட்டு வளவு மரத்தைக் குளிர்காலத்தில் பார்த்து மகிழ ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் நவம்பர் மாதத்தில் வீட்டுச் சாவியைக் கையில் வாங்குகிறவர்கள், தங்கள் பின்வளவில் நிற்கும் மரத்தை முதன்முதலாக ஓர் இலைகூட இல்லாத நிலையில்தான் பார்க்கிறார்கள். அதைப் பட்டுப்போன மரம் என்று எண்ணி, வெட்டுவதற்கு ஆள் தேடிய குடும்பங்கள் சிலவற்றை நான் அறிவேன். ஸ்காபரோவில் நாங்கள் முதலில் வாங்கிய வீட்டில் எங்கள் குடும்பமும் அப்படித்தான் தேடியது. வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டு முதிய பெண்மணி அதைக் கேள்விப்பட்டு எங்கள் வளவுக்குள் வந்தார். ஒரு சுள்ளியைப் பிடித்து நகத்தால் மெல்லக் கீறி, உள்ளே தெரிந்த பச்சையை எங்களுக்குக் காட்டினார். ஏப்ரல் முடிவில் அந்த மரம் இலை விடுவதற்கு முன்பே உடல் முழுவதும் வெள்ளையாகப் பூத்தபோதுதான் அது சேர்விஸ்பெரி என்று எங்களுக்குத் தெரியவந்தது. முதல் குளிர்காலத்தைச் சந்திக்கப்போகிறவர்களை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இங்கே பெரும்பாலான மரங்கள் நவம்பர் நடுப்பகுதிக்குள் இலை கொட்டி முடித்துவிடுகின்றன; மே மாதத்தில்தான் மீண்டும் தழைக்கின்றன. ஆகவே ஆண்டின் ஏறத்தாழ பாதிக் காலம் உங்கள் மரம் இலையின்றியே நிற்கும். அந்தப் பாதியை, வசந்தம் வரும்வரை பொறுத்திருக்கும் காலமாக மட்டும் நினைத்துவிட்டால் மரத்தின் பாதி வாழ்வை நாம் பார்க்காமலே விட்டவர்களாவோம். கொப்புகள் எப்படிப் பிரிகின்றன, பட்டையில் என்ன நிறம் ஓடுகிறது, அடுத்த ஆண்டின் இலை எங்கே மடிந்து கிடக்கிறது என்பவையெல்லாம் இந்த மாதங்களில்தான் கண்ணுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து வேலிகளில் கிளுவை வறட்சிக் காலத்தில் இலை உதிர்த்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய காட்சியும் அன்று. அங்கே நீர்க்குறைவு காரணம். இங்கே நிலம் உறைந்து வேரால் நீரை எடுக்க முடியாமற் போவதும், மெல்லிய இலைகள் உறைபனியைத் தாங்காதிருப்பதும் காரணம்.

முதலாவது படி: மரம் உயிரோடிருக்கிறதா என்று பாருங்கள்

பென்சிலின் தடிப்புள்ள ஒரு சுள்ளியைத் தேர்ந்து, அதன் பட்டையை நகத்தால் ஒரு நெல்மணி அளவுக்கு மட்டும் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்தச் சுள்ளிக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் அது பட்டுவிட்டது. ஒரே சுள்ளியை வைத்து முடிவு செய்யாமல், மரத்தின் வெவ்வேறு பக்கங்களில் நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும். உயிருள்ள சுள்ளி வளையும், உலர்ந்தது பட்டென்று முறியும் என்பதையும் துணையாகக் கொள்ளலாம். ஆனால் கடும் குளிரில் உயிருள்ள சுள்ளியும் விறைத்து முறியக்கூடும் என்பதால், பூச்சிய பாகைக்கு அண்மையான ஒரு நாளில் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது.

ஓக், பீச் போன்ற சில மரங்களில் காய்ந்த இலைகள் உதிராமல் குளிர்காலம் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நோயன்று, அந்த மரங்களின் இயல்பு. காற்றில் அவை சரசரக்கும் ஓசை, வேறெந்த ஓசையும் இல்லாத சனவரி மாதத்து வளவில் ஓர் ஆறுதல்.

மரம் உண்மையிலேயே பட்டுவிட்டது என்று தோன்றினாலும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், அது உங்கள் சொந்த வளவில் நின்றாலும், வெட்டுவதற்கு முன் ரொறன்ரோ நகரசபையை அணுக வேண்டும். உயிருள்ள மரமாயின் அனுமதிப்பத்திரம் கட்டாயம். பிற நகரங்களில் விதிகள் வேறுபடும்.

இரண்டாவது படி: ஒரு யன்னலைத் தேர்ந்தெடுங்கள்

குளிர்காலத்து மரத்தை நாம் பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்தே பார்க்கப்போகிறோம். பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் வளவில் நின்று இரசிப்பது சில நிமிடங்களுக்கு மட்டுமே இயலும். ஆகவே உங்கள் வீட்டில் நாள்தோறும் நீங்கள் சற்று நேரமாவது நிற்கும் யன்னல் எது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான நம் வீடுகளில் அது குசினி யன்னலாகத்தான் இருக்கும். தேநீர் கொதிக்கும் நேரம் மரத்தைப் பார்க்கப் போதுமான நேரம். அந்த யன்னலின் கண்ணாடியை நவம்பரிலேயே உள்ளும் புறமும் துடைத்துவிடுங்கள்; பிறகு வெளிப்புறத்தைத் துடைக்கக் குளிர் விடாது. வெளிப்புற வலைச் சட்டகம் கழற்றக்கூடியதாயின் அதைக் கழற்றி, வசந்தம் வரை நிலவறையில் வைக்கலாம். கொசு இல்லாத காலத்தில் அந்த வலை காட்சியை மங்கலாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

பிறகு மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். வெளிறிய கொப்புகள், சாம்பல் நிற வேலிக்கு முன்னால் மறைந்துபோகும். கரும்பச்சை சீடர் வேலிக்கு முன்னால் துலங்கித் தெரியும். குப்பைத் தொட்டிகளும் மடித்து வைத்த கதிரைகளும் அந்தப் பார்வைக் கோட்டில் இருந்தால் அவற்றை வீட்டின் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். ஒரு சதமும் செலவில்லாத இந்த வேலைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பயன் தருவது என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

மூன்றாவது படி: சூரியன் சாய்ந்திருக்கும் நேரத்தைப் பிடியுங்கள்

டிசம்பர் 21ஆம் திகதியளவில் ரொறன்ரோவில் சூரியன் காலை 7.50 அளவில் உதித்து, மாலை 4.45 அளவில் மறைந்துவிடுகிறது. நடுப்பகலிலும் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 23 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் நடுப்பகல் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும் என்பதை ஒப்பிட்டால், இங்குள்ள ஒளி எவ்வளவு சாய்வானது என்பது விளங்கும். நாள் முழுவதும் மாலை வெயில் போலவே அது பக்கவாட்டில் விழுவதால், பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் நிழலோடு எடுப்பாகத் தெரிகிறது. நிழல்கள் வெண்பனிமேல் மரத்தைவிட நீளமாகப் படுக்கின்றன. அந்த நிழல்களை உற்றுப் பார்த்தால் அவை கறுப்பல்ல, நீலம் என்பது தெரியும். நேர் வெயில் படாத அந்த இடத்துக்கு நீல வானத்தின் ஒளி மட்டுமே சென்று சேர்வதுதான் அதற்குக் காரணம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரநாட்களில் காலைப்பொழுது மட்டுமே வாய்க்கும். அப்போது யன்னல் கிழக்கு நோக்கியிருந்தால் மரம் கருங்கோடாகவும், மேற்கு நோக்கியிருந்தால் முன்புறம் ஒளி வாங்கிச் செம்பொன் நிறமாகவும் தெரியும். இரண்டும் அழகுதான், எனக்குப் பிடித்தது இரண்டாவது.

நான்காவது படி: மேலிருந்து கீழாகவும் பிறகு மிக அருகிலும் பாருங்கள்

முதல் வாரத்தில் மரத்தின் உருவத்தை மட்டும் பாருங்கள். நம் ஊரில் பனையையும் தென்னையையும் தொலைவிலிருந்தே பிரித்தறிந்தவர்களுக்கு இது கடினமன்று. முதிர்ந்த மேப்பிள் குவிந்த குடைபோல எழுந்து நிற்கும். பேர்ச்சின் நுனிச் சுள்ளிகள் மயிரிழை போல மெலிந்திருக்கும். ஓக்கின் கொப்புகள் முறுக்கேறி அகலமாக நீளும். அடிமரத்திலிருந்து ஒரு கொப்பைத் தேர்ந்து, அது பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கிளையை மட்டும் பின்தொடர்ந்து, நுனிவரை கண்ணால் ஏறிச் செல்லுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து செய்தால், அவர்கள் இதைப் பெரியவர்களைவிட விரைவில் கற்றுக்கொள்வார்கள்.

அடுத்தது பட்டை. காகிதப் பேர்ச் என்னும் வெண்பட்டை மரத்தின் வெண்மைக்குக் காரணம் பெற்றுலின் என்ற பொருள். அந்த வெண்மை குளிர்கால வெயிலைத் திருப்பி அனுப்பி, பகலில் சூடேறி இரவில் திடீரெனக் குளிர்வதால் பட்டை வெடிக்காமல் காக்க உதவுகிறது. குறுக்கே ஓடும் கருங்கோடுகள், மரம் காற்று வாங்கும் துளைகள். பூர்வகுடியினரான அனிஷினாபே மக்கள் இந்தப் பட்டையால் தோணிகளும் கொள்கலன்களும் செய்த மரபு இந்த நிலத்துக்கு உரியது. மெல்லிய ஏடுகளாக உரிந்து தொங்கும் பட்டையைக் கண்டால் இழுத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் நிற்கும் மரத்திலிருந்து உரித்தால் அந்த இடம் கறுத்த வடுவாகிவிடும்; மரத்துக்குத் தீங்கும் நேரலாம். காற்றில் தானாக விழுந்ததை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். செரி மரத்தின் பட்டை செம்பழுப்பாகப் பட்டுத்துணி போல மின்னும். சேர்விஸ்பெரியின் வழுவழுப்பான சாம்பல் பட்டையில் மெல்லிய நெடுங்கோடுகள் ஓடும்.

பட்டையைப் பார்க்கும்போது, வெளிர்பழுப்பு நிறத்தில் கம்பளித் துண்டு ஒட்டினாற்போல ஏதாவது தெரிகிறதா என்றும் தேடுங்கள். அவை இலைகளைத் தின்னும் ஸ்பொஞ்சி அந்துப்பூச்சியின் முட்டைத் திரள்கள். கோடை முடிவில் இடப்பட்டு, ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து பொரிப்பவை. கையுறை அணிந்து அவற்றைச் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் இரண்டு நாட்கள் ஊறவிட்டு அகற்றலாம்.

மூன்றாவதாக மொட்டுகள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதையே. அடுத்த வசந்தத்தில் விரியவிருக்கும் இலைகள், கடந்த கோடையிலேயே உருவாகி, செதில்களால் மூடப்பட்டுச் சுள்ளியில் காத்திருக்கின்றன. மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமர்ந்திருக்கும். பேர்ச்சிலும் ஓக்கிலும் மாறிமாறி அமர்ந்திருக்கும். சர்க்கரை மேப்பிளின் மொட்டு கூராகவும் பழுப்பாகவும் இருக்க, ரொறன்ரோ வீதியோரங்களில் ஏராளமாக நிற்கும் நோர்வே மேப்பிளின் மொட்டு பருத்துச் செந்நிறம் கலந்திருக்கும். மக்னோலியாவின் பூமொட்டுகள் சாம்பல் நிற மயிர் போர்த்தி, பூனைக்குட்டியின் காதைத் தொடுவது போன்ற மென்மையுடன் இருக்கும். குதிரைச் செஸ்நட்டின் மொட்டு பிசுபிசுக்கும். அதன் கீழே, இலை உதிர்ந்த தழும்பு, ஆணிகள் அறைந்த குதிரை லாடத்தின் வடிவத்தில் இருக்கும். பேர்ச்சின் நுனிகளில் இரண்டு மூன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் விறைத்த குச்சிகள், வசந்தத்தில் நீண்டு தொங்கப்போகும் ஆண்பூங்கொத்துகள்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். சுள்ளியின் நுனியிலிருந்து பின்னோக்கி விரலை ஓட்டிச் சென்றால், ஓரிடத்தில் நெருக்கமான மெல்லிய வளையங்கள் தட்டுப்படும். கடந்த வசந்தத்தில் நுனிமொட்டின் செதில்கள் உதிர்ந்த தழும்புகள் அவை. நுனிக்கும் அந்த வளையத்துக்கும் இடைப்பட்டதே சென்ற ஓராண்டின் வளர்ச்சி. அதற்கும் பின்னால் போனால் அடுத்த வளையம், அதற்கு முந்திய ஆண்டு. பட்டை தடித்துத் தழும்புகள் மறையும் வரை, ஐந்தாறு ஆண்டுகளை இப்படி எண்ணலாம். நாங்கள் அந்த வளவுக்குக் குடிவந்த ஆண்டை எங்கள் சேர்விஸ்பெரியின் ஒரு தாழ்ந்த கொப்பில் நான் கண்டுபிடித்தேன். அந்த ஆண்டில் அது வளர்ந்திருந்தது ஒரு சாண் நீளம்.

ஐந்தாவது படி: வெண்பனியும் உறைமழையும் வரும் நாட்களுக்கு ஆயத்தமாக இருங்கள்

காற்றில்லாத இரவில் பெய்யும் வெண்பனி ஒவ்வொரு கொப்பின் மேற்பக்கத்திலும் ஒரு வெள்ளைக் கோடு வரைந்துவிட்டுப் போகும். வெயில் ஏறினாலும் காற்று எழுந்தாலும் அது சில மணி நேரத்துக்குள் கொட்டிவிடும் என்பதால், அத்தகைய காலையில் வாசற்பனியை அள்ளப்போகும் முன் முதலில் மரத்தைப் பாருங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுக்கும்போது பனி சாம்பல் நிறமாக விழுந்தால், திரையில் தொட்டு ஒளி அளவைச் சற்றுக் கூட்டினால் வெண்மை திரும்பும். வாரம் ஒருமுறை அதே யன்னலில் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

ஈரமான கனத்த பனி இளங்கொப்புகளை வளைத்தால், தும்புத்தடியால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டி இறக்குங்கள்; மேலிருந்து அடித்தால் கொப்பு முறியும். விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்துவிடும் உறைமழைக்கு இது பொருந்தாது. உறைமழையில் ஒவ்வொரு சுள்ளியும் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டது போலாகி, மறுநாள் வெயிலில் மரம் முழுவதும் ஒளிரும். இந்த ஊரில் நான் கண்ட காட்சிகளில் இதற்கு ஈடானது வேறில்லை. அதே வேளையில், அது ஆபத்தானதும்கூட. 2013 டிசம்பரில் ரொறன்ரோவைத் தாக்கிய உறைமழைப் புயலில் எண்ணற்ற மரங்கள் முறிந்து, இலட்சக்கணக்கானோர் நத்தார் காலத்தில் மின்சாரம் இன்றி இருந்தார்கள். பனிக்கட்டி மூடிய கொப்பைத் தட்டவோ குலுக்கவோ சுடுநீர் ஊற்றவோ வேண்டாம். அது தானாக உருகட்டும். மரத்தின் கீழ் நிற்காமல் யன்னலுக்குள் இருந்தே பாருங்கள். மின்கம்பிமேல் கொப்பு சாய்ந்திருந்தால் அருகே போகாமல் மின்சார நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

வாகனப் பாதையில் உப்புத் தூவியிருந்தால், அங்கு அள்ளிய பனியை மரத்தடியில் குவிக்க வேண்டாம். இளமரமாயின், முயல்களும் எலிகளும் பட்டையைச் சுற்றிக் கடித்துவிடாதபடி அடிமரத்தைச் சுற்றி, பனி மட்டத்துக்கு மேலும் நிற்கும் உயரத்தில் கம்பிவலை இடுங்கள்.

ஆறாவது படி: பறவைகளை வரவழையுங்கள்

இலையற்ற மரத்தில் பறவை ஒளிய முடியாது. ஆண் கார்டினல் பறவையின் செந்நிறத்தை வெண்பனிக்கு நடுவே பார்ப்பதற்குச் சூரியகாந்தி விதை நிரப்பிய ஒரு தீனிப்பெட்டி போதும். அது குளிர்காலத்தில் இடம்பெயராமல் இங்கேயே தங்கும் பறவை. தன் பெயரைத் தானே சொல்லிக் கூவும் சிக்கடியும், வடக்கிலிருந்து இறங்கிவரும் சாம்பல் நிற ஜுன்கோவும் சில நாட்களில் உடன் வந்து சேரும். காட்டு அப்பிள் மரத்தில் சிறு செம்பழங்கள் எஞ்சியிருந்தால், சீடர் வக்ஸ்விங் பறவைகள் கூட்டமாக இறங்கி ஒரே நாளில் மரத்தைக் காலி செய்துவிட்டுப் போவதையும் காணலாம்.

பறவைகள் யன்னற் கண்ணாடியில் மோதி இறப்பது இந்நகரத்தின் பெருந்துயரங்களில் ஒன்று. 1993 முதல் இதற்காகவே இங்கு இயங்கிவரும் ஃப்ளாப் கனடா அமைப்பின் அறிவுரை எளிமையானது: தீனிப்பெட்டியைக் கண்ணாடியிலிருந்து அரை மீற்றருக்குள் வையுங்கள், அவ்வளவு அருகிலிருந்து கிளம்பும் பறவை வேகம் எடுக்காது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் சிறு புள்ளிகளை ஒட்டுங்கள். சில நாட்களில் அந்தப் புள்ளிகளைத் தாண்டி மரத்தைப் பார்க்க உங்கள் கண் பழகிவிடும்.

உச்சிக் கொப்புகளில் காய்ந்த இலைப் பந்து போலத் தெரிவது அணிலின் கூடு. சாம்பல் நிறக் காகிதப் பந்து போலத் தொங்குவது குளவிகள் விட்டுப்போன கூடு. இரண்டும் கோடையிலும் அங்கேதான் இருந்தன.

ஏழாவது படி: இரவில் சிறிதளவு ஒளி போதும்

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால், வெளிப்பாவனைக்கு உரிய எல்ஈடி விளக்குச் சரங்களைப் பலரும் மரத்தில் சுற்றுகிறார்கள். தீபாவளிக்கு ஏற்றியதை நத்தார், தைப்பொங்கல் வரை விட்டுவைப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சரத்தை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக இடுங்கள். ஆணி அறைய வேண்டாம். இரவு பத்து மணிக்கு அணையும்படி நேரக்கருவி பொருத்துங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், பல நிறச் சரங்களைவிட, அடியிலிருந்து மேல்நோக்கி வைத்த ஒரேயொரு மஞ்சள் ஒளி விளக்கே மரத்தின் உருவத்தை உள்ளபடி காட்டும்.

எட்டாவது படி: மரமில்லாத வளவாயின், குளிர்காலத்திலேயே இடத்தைக் குறியுங்கள்

மரத்தை நடும் காலம் வசந்தமும் இலையுதிர்காலமும்தான்; ஆனால் எங்கே நடுவது என்று முடிவு செய்யச் சிறந்த காலம் சனவரி. ஒரு நீண்ட தடியைப் பனிக்குள் ஊன்றி, உள்ளே வந்து உங்கள் யன்னலிலிருந்து பாருங்கள். பிடிக்கும்வரை இடத்தை மாற்றுங்கள். சிறிய வளவுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சேர்விஸ்பெரி. இது இந்த மண்ணுக்கு உரிய மரம். பூவும் பழமும் இலையுதிர்கால நிறமும் குளிர்காலப் பட்டையும் ஒன்றிலேயே கிடைக்கின்றன. வெண்பட்டைப் பேர்ச் அழகானதாயினும், ரொறன்ரோவின் சூடான வறண்ட வளவுகளில் துளைக்கும் வண்டுகளுக்கு எளிதில் இரையாகிறது. ஈரநிலம் இருந்தால் கறுவாப்பட்டை நிறத்தில் சுருள் சுருளாக உரியும் ஆற்றுப் பேர்ச் நல்ல மாற்று.

ரொறன்ரோவில் லீஃப் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, வீட்டு வளவுகளில் குறைந்த கட்டணத்தில் உள்ளூர் மரங்களை நட்டுத் தருகிறது. வீட்டு முன்புறத்தில் நகரசபைக்கு உரிய நிலப்பகுதி இருந்தால், அங்கே நகரசபையே கட்டணமின்றி மரம் நடும். நீங்களே குழி தோண்டுவதாயின், நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துத் தரும் இலவசச் சேவையான ஒன்ராறியோ வன் கோலுக்கு முன்கூட்டியே அறிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

முடிவு செய்யும் முன் வளர்ந்த மரங்களைக் குளிர்காலத்திலேயே ஒருமுறை நேரில் பாருங்கள். 1876இல் திறக்கப்பட்ட மவுண்ட் பிளசன்ட் மயானம், மரங்களைப் பார்ப்பதற்காகவே மக்கள் நடந்து திரியும் அமைதியான இடம். பல மரங்களில் பெயர்ப்பலகையும் உண்டு. ரோக்கியோ மக்களின் அன்பளிப்பாக 1959இல் வந்த ஹை பார்க் செரி மரங்களை வசந்தத்தில் நெரிசலில் நின்று பார்க்கிறோம். பெப்ரவரியில் போனால் அந்த மின்னும் பட்டைக்கு அருகே தனியாக நிற்கலாம்.

ஒன்பதாவது படி: மார்ச் மாதத்தைத் தவறவிடாதீர்கள்

பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள் தொடங்கியதும் மேப்பிளில் சாறு ஓடத் தொடங்கும். முறிந்த சுள்ளி நுனியில் அது சொட்டி, குளிரான காலையில் சிறு பனிக்கூம்பாகத் தொங்குவதைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகள் அதை ஒடித்து வாயில் வைத்தால் மிக மெல்லிய இனிப்புத் தெரியும். ஏறத்தாழ 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சித்தான் ஒரு லீற்றர் மேப்பிள் பாகு எடுக்கிறார்கள். அதே நாட்களில் வெள்ளி மேப்பிளின் மொட்டுகள் பருத்து, இலைக்கு முன்பே சின்னஞ்சிறு செம்பூக்களை அவிழ்க்கும். நிலத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கொப்புகள்மேல் படிந்த ஒரு செம்மங்கலாகவே தெரியும்; ஒரு தொலைநோக்கி இருந்தால் பூக்களைத் தனித்தனியே காணலாம். மொட்டுகள் விரிவதற்குள் விளக்குச் சரங்களையும் கம்பிவலையையும் கழற்றுங்கள், எஞ்சிய அந்துப்பூச்சி முட்டைகளைச் சுரண்டுங்கள், யன்னல் வலையை மீண்டும் மாட்டும் முன் அதே இடத்தில் நின்று இறுதிப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே நடுப்பகுதியில் இலைகள் மூடியதும், அடுத்த நவம்பர் வரை அந்தக் கொப்புகளை நீங்கள் பார்க்கப்போவதில்லை.